சுவரைப் பார்க்கும் கேமரா

மதிய ஷிப்ட் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. நரைத்த மீசை, மடியில் ஹெல்மெட். மந்தாரக்குப்பத்தில் ஏறியதிலிருந்து போனை எடுப்பதும் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். திரையில் வெறும் சுவர்தான் தெரிந்தது. எனக்கே இருப்புக் கொள்ளவில்லை.

"என்னங்க அது?"

"எங்க வூட்டு கேமரா சார். எதிர்வூட்டம்மா வாசலும் அதுல சேந்து வுழுந்துச்சு. நாங்க வர்றது போறதை நீ பாக்கறது சட்டப்படி தப்புன்னு அந்தம்மா ஸ்டேஷனுக்குப் போயிடுச்சு. யாரு எந்த ஷிப்ட்டு, எந்த வூடு எப்ப பூட்டிக் கெடக்கும்னு தெருவுக்கே தெரியும். கேமராவுக்கு மட்டும் தெரியக் கூடாதாம். எங்க வாசச் செவுத்துப் பக்கமே திருப்பிட்டேன்."

"அதோட சண்டை முடிஞ்சுதா?"

"போன வாரம் அந்தம்மா ஸ்கூட்டி திருடு போயிடுச்சு. எங்க வூட்டுக்குத்தான் மொதல்ல ஓடியாந்துச்சு, கேமராவைப் போட்டுக் காட்டுங்கன்னு. செவுத்தையே பாத்துகினு நின்னுச்சு, பாவம்."

"திரும்ப அந்தப் பக்கம் திருப்பிடலாமே?"

"அது வாய்வுட்டுக் கேக்கணும் இல்ல சார்."

"அப்புறம் இந்தச் சுவர்ல என்னதான் பாக்கறீங்க?"

"யாராவது வந்தா நெழல் வுழும்."

சுரங்க வாசலில் பஸ் நின்றது. அவர் எழுந்தபோது போனில் தெரிந்த சுவரில் ஒரு நிழல் வந்து நின்றது. நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ள, அவர் போனைப் பார்த்தபடியே இறங்கிப் போனார்.

ஷிப்ட் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. வந்தது திருடனா, வாய்விட்டுக் கேட்க வந்த அந்தம்மாவா?