காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே

அன்று காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பால் பொங்கிவிடுமோ என்று பாதிப் பல் தேய்த்த வாயோடு அடுப்படிக்கு ஓடினாள். பாலை அடுப்பில் வைத்திருக்கவே இல்லை. செருப்பை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். கணவரோ இஸ்திரி போட்ட சட்டையில், கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர்போல், ஆற அமர டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இன்னைக்கே போகணுமா? வெயில் எப்படி அடிக்குது பாருங்க."

"கார்ல ஏசி இருக்குன்னு நீதானே பெருமையடிச்ச."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் அவள்தான்.

அவளுடைய வேலை அப்படிப்பட்டது. ஊருக்கு வெளியே, உயரமான மதிலுக்குள் ஒரு ஓட்டுதளம். பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை இரண்டு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வளைவு வருது, மெதுவா, இப்ப மிதிங்க என்று சொல்வது அவள். அங்கே அவளுக்குப் பெயரே 'பக்கத்து சீட்டு' என்று ஆகிவிட்டது. அதற்கு முன்னால் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவள். அந்தக் காரில் அவள் காலடியில் அவளுக்கென்றே ஒரு பிரேக் இருந்தது. அதை மிதித்து மிதித்துப் பழகி, வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட அவள் வலது கால் சும்மா இருக்காது. கல்யாணமான புதிதில் கணவர் பயந்தே போனார், ஏதோ வியாதி என்று.

புது வேலையில் காலடியில் ஒன்றுமில்லை. கதவோரமாக, அவள் கை தானாகப் போய் விழுகிற இடத்தில், ஒரு சின்னக் குமிழ் மட்டும் இருந்தது.

பழைய கார்களில் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கம்பி இழுபட்டு, எஞ்சினுக்குக் காற்று விடுகிற மூடியைத் திறக்கும். எவ்வளவு மிதித்தோமோ அவ்வளவு திறக்கும், பேச்சுக்கே இடமில்லை. இந்தக் கார்களில் கம்பி கிடையாது. கால் எவ்வளவு மிதித்தது என்று ஒரு கம்ப்யூட்டருக்குச் சேதி போகும். எவ்வளவு திறப்பது என்று அது யோசித்து, ஒரு குட்டி மோட்டாரை ஏவி மூடியைத் திறக்கும். கால் கேட்கும், கம்ப்யூட்டர் கொடுக்கும். அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு நடுவில் மூன்றாவது ஆளாகப் புகுந்ததுதான் அந்தக் குமிழ். அதைத் திருகிவிட்டால், ஓட்டுகிறவர் தரையோடு தரையாக மிதித்தாலும் மூடி பாதிதான் திறக்கும். சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும்.

இது வாடிக்கையாளர் யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. ஒருநாள் தொந்தியும் தொப்பையுமாக ஒரு மொத்த வியாபாரி வந்தார். இறங்கும்போது வாயெல்லாம் பல். "எப்படி ஓட்டினேன், பாத்தீங்கல்ல? நிஜத்த சொல்லுங்க." "பின்னிட்டீங்க சார்," என்றாள். அவருக்கு அவள் கொடுத்தது அரைதான். மனிதர் இன்றைக்கும் மாமனார் வீட்டில் அந்தக் கதையை அளந்துகொண்டிருப்பார். அளக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம்? அன்று அவள் அதை வீட்டில் நடித்தே காட்டினாள். கணவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கணவர் பஸ் டிரைவர். பாதி ஆயுசை ஸ்டியரிங்கோடு கழித்தவர். போன வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. அந்த நிலையிலும் பஸ்ஸை ஓரம் கட்டி, நிறுத்தி, கதவைத் திறந்து விட்டுவிட்டுத்தான் சரிந்தார். ஆபரேஷன் ஆயிற்று. டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லியும், டிப்போவில் அவரை விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். எந்த பஸ் எங்கே போகும் என்று சொல்கிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கிணற்றில் போட்ட கல்லாக உட்கார்ந்திருப்பார். வீட்டுக் காரை எடுக்கச் சொன்னால், "நீயே எடு, கண்ணு கூசுது" என்பார். மழை நாளில் என்ன கூச்சம் என்று அவள் கேட்டதில்லை.

அடுத்த வாரம் அவருக்கு டிப்போவில் ஓட்டிக் காட்டும் பரீட்சை. தேறினால் பஸ் திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை அந்த ஜன்னல்தான். ஊழியர் குடும்பத்துக்கு ஓட்டுதளத்தில் இலவசமாகக் கார் தருகிற நாள் அதற்கு முன்னால் வந்து தொலைத்தது.

"எனக்கு ஒண்ணு தெரியணும்," என்றார் அவர். "பயம் போயிடுச்சா, உள்ள இருக்கான்னு. பஸ்ல தெரிஞ்சா பின்னாடி அம்பது பேரு இருப்பாங்க. அங்க நீ மட்டும்தான். ஆனா அந்தத் திருகு வேலைய என்கிட்ட காட்டாத. முழுசா விடு."

"சரி," என்றாள். "தொட மாட்டேன்."

சொன்னபோது மனசாரச் சொன்னாள். அதில் சந்தேகமில்லை.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவர் ஸ்டியரிங்கைப் பிடித்த அழகைப் பார்த்து அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கார் மெல்லக் கிளம்பி நேர்ப்பாதைக்கு வந்தது. கோடியில் வளைவு, வளைவுக்குப் பின்னால் அடுக்கி வைத்த டயர் சுவர். அவர் மிதிக்கத் தொடங்கினார். எஞ்சின் உறுமியதுதான் தாமதம், அவள் கண்முன் ஆஸ்பத்திரி வராந்தா, நீலத் திரை, சட்டைக்குள் இருக்கிற அந்தத் தையல் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. கை எப்போது போயிற்று என்று அவளுக்கே தெரியாது. குமிழ் அரைக்கு வந்திருந்தது.

"தொட்டியா?"

"இல்லையே."

"இழுக்க மாட்டேங்குதே. நானும் மிதிமிதின்னு மிதிக்கிறேன்."

"வண்டி சூடாக வேணாமா? முதல் சுத்துல அப்படித்தான் இருக்கும்."

எவ்வளவு சரளமாக வந்தது பாருங்கள். தினம் பத்துப் பேரிடம் சொல்லிப் பழகிய நாக்கு. அவர் நம்பினாரா இல்லையா என்று அவள் பக்கவாட்டில் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவளுக்கு ஒரேயடியாக வெட்கமாகப் போய்விட்டது. வாழ்க்கையில் இந்த மனிதர் அவளிடம் என்ன கேட்டிருக்கிறார்? புடவை எடுக்கப் போனால்கூட வாசலில் நின்று, "உனக்குப் பிடிச்சத எடு" என்பவர். கேட்ட ஒன்றையும் தொந்தி வியாபாரிக்குக் கொடுத்த மாதிரி கொடுத்துவிட்டாளே.

கடைசி வளைவு தாண்டியதும் குமிழை முழுசுக்குத் திருகினாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். இரண்டாம் சுற்று தொடங்கியது. கார் ஒரு துள்ளு துள்ளியது. அவர் "ம்" என்றார். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். வலது கால், இல்லாத பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்தது. தெரிந்த சாமிகளைக் கூப்பிட்டு முடித்து, தெரியாத சாமிகளைக் கூப்பிடத் தொடங்கியபோது கார் நின்றிருந்தது. இருவரும் முழுசாக இருந்தார்கள். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"குறைச்சுட்டல்ல," என்றார்.

"இல்லங்க. முழுசு. சத்தியமா முழுசு."

"பரவால்ல விடு. உன் பயம் உனக்கு. ரெண்டு சுத்தும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. காலியா ஓட்டினா என் பஸ்ஸே இதைவிட இழுக்கும்." கோபமே இல்லை. குழந்தையைச் சமாதானம் செய்வதுபோல அவள் தோளைத் தட்டினார். "எனக்குத்தான் ஒண்ணும் தெரியாமப் போச்சு. சரி, வா போலாம்."

திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டுவிட்டு ஆறிப்போயிருப்பாள். இப்படித் தட்டிக்கொடுத்தால் எப்படித் தாங்குவது? ஊரையெல்லாம் ஏமாற்றியபோது உலகமே அவளை நம்பியது. இன்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உண்மையாக நடந்தவளை, கட்டிய கணவரே காது குத்தாதே என்கிறார்.

"நில்லுங்க," என்றாள். "நீங்களே பாத்துக்கங்க."

ஷெட்டில் மெக்கானிக்கின் லேப்டாப் இருந்தது. ஒவ்வொரு சுற்றும் அதில் பதிவாகும். காரை யார் நாசம் செய்தார்கள் என்று பிறகு சண்டை வரக் கூடாதல்லவா? அதைத் திறந்தால் முதல் சுற்றில் அவள் சொன்ன பொய்யும் வெளியே வரும். வரட்டும் என்றுதான் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"வாங்க மாமா," என்று மெக்கானிக் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டான். "சிவப்புக் கோடு உங்க கால் கேட்டது. நீலம் எஞ்சினுக்குக் கிடைச்சது. ரெண்டும் சேந்து போச்சுன்னா யாரும் குறுக்க வரலன்னு அர்த்தம்."

முதல் சுற்று வந்தது. சிவப்பு உச்சியில் நின்றது. நீலம் பாதியில் படுத்துக் கிடந்தது.

"தொட்டேன்," என்றாள் அவள். "பயந்துட்டேன். பொய் சொல்லிட்டேன். இப்ப ரெண்டாவதைப் பாருங்க."

இரண்டாவது வந்தது. சிவப்பும் நீலமும் ஒன்றையொன்று விடாமல் ஒட்டிக்கொண்டே போயின. "பாத்தீங்களா, பாத்தீங்களா," என்று அவள் திரையைத் தட்டினாள். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அவள் விரல் கோட்டின் மேலேயே ஓடியது. பாதிவரை போய் நின்றது. கோடு அதற்கு மேல் ஏறவில்லை. நேர்ப்பாதை முழுக்க, கடைசிவரை, ஏறவே இல்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. லேப்டாப்பை மூடக் கையை நீட்டினாள். அவர் கை அதற்கு முன்னால் திரையைப் பிடித்துக்கொண்டது. அவளைவிட மெதுவாகத்தான் படித்தார், ஆனால் படித்து முடித்தார்.

"இதுல நீ தொடவே இல்ல."

"இல்ல."

"அப்ப பாதியில நின்னது என் கால்."

"மிஷின் சில நேரம் தப்பாக் காட்டுங்க. போன மாசம்கூட ஒருத்தருக்கு..."

"வேணாம்மா," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னைக்கு ஒரு பொய் போதும்."

மெக்கானிக் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து வெளியே போனான். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் பின்னால் நின்றாள். பேசாமல் பொய்க்காரியாகவே வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.