ஐஸ் மெஷினும் எங்கள் மீட்டரும்

விம்கோ நகரில் நானும் என் நாத்தனாரும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்ட புதிதில், எங்களுக்குள் வந்த முதல் சண்டை டூல்ஸ் வாங்குவதில்தான். ஸ்க்ரூ டிரைவர், பிரஷ், தூசி ஊதும் ப்ளோயர் எல்லாம் சேர்த்தாகிவிட்டது. பழுதைக் கண்டுபிடிக்க எதை வாங்குவது என்பதில்தான் ஆளுக்கொரு பக்கம் நின்றோம்.

எனக்கு, மதர்போர்டில் செருகினால் எண் காட்டுகிற டெஸ்ட் கார்டு வேண்டும். மெஷின் எந்த இடத்தில் நின்றுபோனது என்று அந்த எண் சொல்லிவிடும். நாத்தனாருக்கோ வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர். அதுவும் சும்மா மீட்டர் இல்லை. கரண்ட் ஒரு நொடி இறங்கி ஏறினாலும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிற மீட்டர்.

"மீட்டர்தான் நம்மகிட்ட ஒண்ணு கீதே?"

"அது கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள நடக்கறத காட்டாது, அண்ணி. உங்க கார்டு, மெஷின் ஆன் ஆவலன்னாத்தான் பேசும். ஓடிகினே இருந்து பொசுக்குனு படுத்துக்கிற மெஷினுக்கு அது இன்னா சொல்லும்?"

எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெருக் கடையில் நின்றுகொண்டே அரை மணி நேரம் வாதாடினோம். கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் டீ வரவழைத்தார். கடைசியில் மீட்டர்தான் ஜெயித்தது. வரும்போது பஸ் தண்டையார்பேட்டை தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் ராயபுரத்திலிருந்து ஒரு அக்கா ஆட்டோவில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டு முன்னறையிலேயே கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்.

"நல்லாத்தான் ஓடிகினு இருக்கும். திடீர்னு ஆஃப் ஆயிடும். கல்யாண வீட்டுக்காரங்க வந்து வந்து கேக்கறாங்க, பேஜாரா கீது."

எங்கள் கடையில் அது ஒரு நாள் முழுக்க அசையாமல் ஓடியது. மெமரி ராமை மாற்றிப் பார்த்தேன், உள்ளே கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றிப் பார்த்தேன். எதிலும் குறை இல்லை. தூசி தட்டித் திருப்பிக் கொடுத்தோம். அன்று சாயங்காலமே போன் வந்தது: "வூட்டுக்கு வந்ததும் மறுபடி படுத்துகிச்சு!"

"அப்ப நோய் மெஷின்ல இல்ல, வூட்லதான்" என்று நாத்தனார் மீட்டரை எடுத்துப் பையில் போட்டாள்.

மறுநாள் காலை போனோம். அக்காவின் வீட்டுச் சுவரை ஒட்டியே மீனுக்கு ஐஸ் உடைக்கிற கடை. நாத்தனார் பிளக் பாயிண்டில் மீட்டரை மாட்டிவிட்டு உட்கார்ந்தாள். எண் ஆடவே இல்லை. அக்கா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஐஸ் மெஷின் 'கர்ர்' என்று கிளம்பியது. கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. மீட்டரில் அப்போதும் சரியான வோல்ட்தான் தெரிந்தது. நாத்தனார் மீட்டரின் பட்டனை அமுக்கினாள். நடுவில் ஒரு நொடி கரண்ட் அதலபாதாளத்துக்குப் போய் வந்தது அதில் பதிவாகியிருந்தது.

"அண்ணி! மாட்டிகிச்சு!"

நான் வாசலுக்கு ஓடினேன். "நைனா, மெஷின நிறுத்திட்டு இன்னொரு தபா போடுங்க!"

ஐஸ்காரருக்கு ஒரே உற்சாகம். "போடட்டா? போட்டுட்டேன்!" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். அவர் போட்டபோதெல்லாம் கம்ப்யூட்டர் படுத்தது. வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது.

ஆனால் கரண்ட் இறங்கினால் தாங்கிப் பிடிக்கத்தானே யு.பி.எஸ்? கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடித்துக்கொண்டே அதைத் தேடினேன். மேஜைக்கு அடியில், ஒரு தலையணைக்குக் கீழே கிடந்தது.

"அது வேல நேரத்துல கூவிகினே இருந்துச்சும்மா. அதான் அமுக்கி வெச்சேன்" என்றார் அக்கா.

கழற்றினால், உள்ளே பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. பாவம், செத்துப்போகிறேன் என்றுதான் அது கூவியிருக்கிறது. எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்களைவிட அதிகமாகச் சிரித்தவர் அக்காதான்.

மெயின் ரோட்டுக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கி வந்து மாட்டினோம். ஐஸ் மெஷின் உறுமியது. யு.பி.எஸ் ஒரு தரம் 'டிக்' என்றது. கம்ப்யூட்டர் அசையவில்லை. வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

"சும்மா போவாதீங்க" என்று அக்கா எங்களை உட்காரவைத்து, பாதி முடிந்த கல்யாண வீடியோவை ஓடவிட்டார். கோயில் வாசலில் பொண்ணும் மாப்பிள்ளையும் இறங்க, பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் கோட் போட்ட ஒருவர் தலையில் கூல்டிரிங்க் பாட்டிலை நிறுத்திக்கொண்டு ஆடினார். உற்றுப் பார்த்தால், பக்கத்துக் கடை ஐஸ்காரர்.

ஈரக் கையோடு வந்து எங்களுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "அந்த எடத்த மட்டும் வெட்டிடாதம்மா" என்றார்.