மூன்று வாரம் பொறுக்கச் சொன்னேன்

ஈரோட்டில் பிறந்த இரண்டு பேர், ஒருவர் இங்கிலாந்திலும் ஒருத்தி நியூ ஜெர்ஸியிலும் உட்கார்ந்துகொண்டு, பிரிட்டிஷ் அரசாங்கம் எவ்வளவு செலவு செய்யலாம் என்று பத்து வருஷம் தொலைபேசியில் சண்டை போட்டோம். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நானும் என் அண்ணனும் அப்படித்தான் இருந்தோம்.

அண்ணன் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் நர்ஸ்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பயிற்சிக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். நாட்டின் நடுப்பகுதியில் ஒரு தொழில் நகரம். அரசு ஆஸ்பத்திரியில் வேலை, வார்டுக்குத் தொழிற்சங்கப் பிரதிநிதி, தொழிற்சங்கங்கள் சேர்ந்து உருவாக்கிய கட்சியில் உறுப்பினர். நான் 1990-ல் கணவரோடு நியூ ஜெர்ஸியில் பிஸ்கட்டவே என்ற ஊருக்கு வந்தேன். அவருக்கு சாஃப்ட்வேர், எனக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் புள்ளியியல் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இட்லி ஊற்றி வைத்துவிட்டு அண்ணனைக் கூப்பிடுவேன். அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். ஐந்து நிமிஷம் குசலம், மிச்ச நேரமெல்லாம் அரசியல்.

எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. அதையே ஒரு பெருமையாக வைத்திருந்தேன். வலது பக்கம் பேசுகிறவர்கள் கல்நெஞ்சர்கள், இடது பக்கம் பேசுகிறவர்களுக்கு வரவுசெலவு தெரியாது, நடுவில் நிற்கிற என்னைப் போன்றவர்களுக்கே நிதானம் உண்டு என்று நினைத்தேன். 1992 தேர்தலில் கட்டாயம் ஜெயித்துவிடுவோம் என்று அண்ணன் மழையில் வீடு வீடாக ஏறி இறங்கினார். தோற்றார்கள். மறு ஞாயிறு அவர் குரலே வெளியே வரவில்லை. நான் விடவில்லை.

“வரி போடுவோம்னு சொல்லிட்டே ஓட்டுக் கேட்டா எவங்கண்ணா போடுவான்?”

“வரி இல்லாம ஆஸ்பத்திரி எப்படி அம்மிணி நடக்கும்? நீ வந்து நடத்துவியா?”

“இருக்கற காசுக்குள்ள நடத்தணுங்கண்ணா. வீட்டுல நாம நடத்தறதில்லையா?”

போனை வைத்துவிட்டார். அதன்பிறகு மூன்று வாரம் அண்ணிதான் எடுத்துப் பேசினாள். சமையலறை மேஜையில் படம் வரைந்துகொண்டிருந்த என் மகள், “இஸ் மாமா மேட் அட் யூ?” என்று கேட்டாள். கோபமெல்லாம் இல்லை என்றேன்.

1996 ஆகஸ்டில் அண்ணனும் அண்ணியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அமெரிக்காவில் அப்போது ஒரு சட்டம் வந்திருந்தது. இரண்டு கட்சிக்கும் நடுவில் நின்று ஆட்சி செய்வதாகச் சொன்ன ஜனாதிபதி கையெழுத்துப் போட்டது. ஏழைகளுக்குத் தரும் உதவித்தொகையைக் குறைக்கும் சட்டம். ஒரு சனிக்கிழமை எங்கள் குடியிருப்பிலேயே நண்பர்கள் கூடிச் சாப்பிட்டோம். கணவரோடு வேலை பார்த்த எஞ்சினியர் ஒருவர், “உழைக்காதவனுக்கு கவர்ன்மென்ட் எதுக்குச் சார் சோறு போடணும்? நம்ம டேக்ஸ் பணம்!” என்று பேசிக்கொண்டே போனார். அவருடைய அம்மா கிரீன் கார்டில் வந்து, முதியோருக்கான அரசாங்க உதவித்தொகை மாதாமாதம் வாங்கிக்கொண்டிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

“சிட்டிசன் ஆகாத வயசானவங்களுக்கும் அதே சட்டத்துல நிறுத்தறாங்களாமே. பேப்பர்ல பாத்தேன்.”

அந்த மனிதர் முகம் வெளுத்துவிட்டது. “எங்கம்மாவுக்குமா? அது வேற இல்லையா?” என்றார்.

திரும்பி நடந்து வரும்போது, நன்றாக மடக்கினீர்கள் என்று நான் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. “மடக்கணும்னு சொல்லல அம்மிணி. பாவம், அவரு அம்மாவுக்கு வந்தது உரிமை, அடுத்தவனுக்குப் போறது பிச்சைன்னு நெனச்சுட்டாரு. நாளைக்கு நம்ம ஊரிலயும் இதையேதான் பேசப்போறாங்க, எங்க கட்சியும் பேசும்.” அவர் நம்ம ஊர் என்றது இங்கிலாந்தை. எதற்கும் ஒரு வரம்பு வேண்டாமா என்று நான் கேட்டேன். அவர் பேச்சை மாற்றி, வானத்தைப் பார்த்து, இங்கே இடி இவ்வளவு சத்தமாக இடிக்குமா என்று கேட்டார்.

மறு வருஷம் மே மாதம் அவர் கட்சி ஜெயித்தது. பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு. ஞாயிறு வரை காத்திருக்காமல் வெள்ளிக்கிழமையே ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டார். ராத்திரி முழுக்க வாக்கு எண்ணும் இடத்தில் நின்றதில் தொண்டை கட்டியிருந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் வாழ்த்துச் சொல்லிவிட்டு, சும்மா இருக்க முடியாமல், “என் பக்கம் நகந்து வந்துதாங்கண்ணா ஜெயிச்சீங்க” என்றேன். அதில் உண்மை இருந்தது. வருமான வரியை ஏற்றமாட்டோம், பழைய அரசாங்கம் போட்டுவைத்த செலவு வரம்பை முதல் இரண்டு வருஷத்துக்குத் தாண்டமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் ஓட்டு வாங்கியிருந்தார்கள்.

“ரெண்டு வருஷந்தானே. பொறுத்துக்குவோம். நம்மாளுங்க உள்ள போயாச்சில்ல, அது போதும்” என்றார்.

அந்த இரண்டு வருஷமும் அவர் என்னோடு சண்டை போடவில்லை. கட்சியைத் திட்டினால் என் வாதம் ஜெயித்துவிடும், பாராட்டினால் அவர் மனசு ஒப்பாது. வார்டில் ஆள் குறைவு, படுக்கையை மூடுகிறார்கள் என்று பாதி சொல்லி நிறுத்திவிடுவார். “பொறுப்பான அரசாங்கம் அப்படித்தாங்கண்ணா இருக்கும்” என்பேன் நான்.

1998 கடைசியில் ஆஸ்பத்திரி மாடிப்படியிலேயே அவருக்கு நெஞ்சு வலித்தது. பரிசோதனைக்கே மாதக்கணக்கில் காத்திருந்தார். இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும், வரிசையில் பெயர் சேர்த்தாயிற்று என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தி சொல்வதுபோலச் சொன்னார்.

“எவ்வளவு நாள் ஆகும்?”

“வருஷம் ஆகலாம். கொஞ்சம் கூடவும் ஆகலாம்.”

அங்கேயே பணம் கட்டித் தனியாரில் செய்துகொள்ளலாம், இல்லையென்றால் கோயமுத்தூரிலேயே இப்போது நன்றாகச் செய்கிறார்கள், டிக்கெட்டிலிருந்து எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மூச்சுவிடாமல் பேசினேன்.

“வேண்டாம் அம்மிணி.”

“ஏனுங்கண்ணா?”

“இருபத்தஞ்சு வருஷமா பேஷன்ட்டுங்ககிட்ட பொறுங்க, உங்க முறை வரும்னு சொல்லிட்டிருக்கறேன். எனக்கு வந்ததும் பின்கதவால ஓடறதா? அப்புறம் அந்த வார்டுக்குள்ள எந்த மூஞ்சியோட போறது?”

அண்ணி அவருக்குத் தெரியாமல் பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். அங்கேதான் அவளுக்கு வேலை. “நீ சொன்னாக் கேப்பாரு அம்மிணி. எனக்கு அந்த மனுசன் வேணும், கட்சி வேண்டாம்” என்று அழுதாள். நான் வாராவாரம் சொன்னேன், கெஞ்சினேன், ஒருமுறை கத்தினேன். மசியவில்லை. நாளாக ஆக, அவர் பிடிவாதத்தின்மேல் எனக்கே ஒரு மரியாதை வந்தது. சொல்வதை நிறுத்திவிட்டேன். 1999 அக்டோபரில் ஒரு தேதி கொடுத்தார்கள். அதற்கு முந்தின நாள் மாலை ரத்து செய்தார்கள். தீவிர சிகிச்சையில் படுக்கை இல்லை. “என்னைவிட மோசமான நெலமையில ஒருத்தன் வந்துட்டான். நான் டூட்டியில இருந்திருந்தாலும் படுக்கையை அவனுக்குத்தான் கொடுத்திருப்பேன்” என்றார் அண்ணன். ஜனவரி நடுவில் வேறு தேதி சொன்னார்கள்.

டிசம்பர் கடைசி வாரம். வழக்கமான ஞாயிறுதான். வெளியே பனி கொட்டிக் கிடந்தது, கணவர் காரைச் சுற்றி அதை வாரிக்கொண்டிருந்தார். அண்ணன் மூச்சு வாங்கப் பேசினார். பேச்சு முடியும் நேரத்தில்,

“அம்மிணி, அன்னைக்குக் கோயமுத்தூர்னு ஒன்னு சொன்னியே. அது இப்பவும் ஆகுமா?” என்று கேட்டார்.

மாதக்கணக்கில் நான் கெஞ்சிப் பார்த்து விட்டுவிட்டதை அவராகவே கேட்கிறார். நான் உடனே ஆகும் என்றிருக்க வேண்டும். சொல்லவில்லை. வருஷம் மாறும்போது கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும், அந்த வாரம் யாரும் விமானம் ஏறாதீர்கள் என்று ஊரெல்லாம் பயந்துகிடந்தது. கணவரே அதைச் சரிசெய்யும் வேலையில்தான் ராப்பகலாக இருந்தார். நெஞ்சு வலியோடு அத்தனை தூரம் பறப்பது ஆபத்து, கோயமுத்தூரில் முதலிலிருந்து பரிசோதனை செய்வார்கள், அதற்குள் இங்கிலாந்திலேயே தேதி வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். மூன்று வாரத்தில் ஏதாவது ஆகிவிடுவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. அப்படி எண்ணிப் பார்ப்பதுதானே என் தொழில்.

“இன்னும் மூணு வாரந்தாங்கண்ணா. இவ்வளவு நாள் பொறுத்தாச்சு. பொறுத்துக்கங்க” என்றேன்.

“அதுவுஞ் சரிதான்” என்றார்.

எனக்கு அப்போது நியாயமாகப் பேசுகிறோம் என்றுதான் தோன்றியது. அந்தக் காலத்தில் நான் பேசியதெல்லாம் எனக்கு நியாயமாகவே தோன்றியது.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் ஆபீசில் இருந்தபோது அண்ணி கூப்பிட்டாள். காலையில் டீ போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தாளாம். கோப்பையை வாங்கியவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆம்புலன்ஸ் சீக்கிரமாகவே வந்தது, பிரயோஜனமில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, “அடுத்த வாரம் ஆபரேஷனாச்சே அண்ணி, அடுத்த வாரமாச்சே” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

“அது திங்கக்கிழமையே இல்லைன்னு ஆயிருச்சு அம்மிணி. ஊரெல்லாம் ஃப்ளூ, படுக்கை இல்லையாம். மறுபடியும் தள்ளி வெச்சுட்டாங்க. உனக்குச் சொல்லவேண்டாம்னுட்டாரு. பாவம், மூணு வாரம்னு சொன்னது அவதான், மனசு ஒடஞ்சுருவான்னாரு.”

இங்கிலாந்துக்குப் போய்க் காரியத்தில் நின்றேன். அவருடைய வார்டு ஆட்கள், கட்சிக் கிளையில் கூட இருந்தவர்கள் என்று நிறையப் பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் என் கையைப் பிடித்து, எத்தனை பொறுமையான மனிதர் என்று சொன்னார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்கவே முடியவில்லை. கழிப்பறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டேன்.

நான் திரும்பி வந்த இரண்டு மாதத்தில், ஆபீஸ் கம்ப்யூட்டரில் செய்தி படித்தேன். ஆஸ்பத்திரிகளுக்கு இதுவரை இல்லாத அளவு பணம் ஒதுக்கப்போகிறோம் என்று அண்ணனின் அரசாங்கம் அறிவித்திருந்தது. இரண்டு வருஷம் பொறுத்தோம், கஜானா திடமாக இருக்கிறது, இனி செலவு செய்யலாம் என்று விளக்கம். நான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சொன்ன அதே வார்த்தைகள். அரசாங்கத்தின் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அவர்கள் பொறுத்ததில் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, நான் பொறுக்கச் சொன்னதில் எனக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த வருஷம் நான் அமெரிக்கக் குடிமகள் ஆகியிருந்தேன். நவம்பரில் பக்கத்துப் பள்ளிக்கூட ஜிம்மில் முதல் ஓட்டு. அரசாங்கத்தில் மிஞ்சியிருக்கும் பணத்தை வரிக் குறைப்பாகத் திருப்பித் தருவதா, முதியோருக்கு எடுத்து வைப்பதா என்று இரண்டு வேட்பாளர்களும் ஆறு மாதமாகப் பேசியிருந்தார்கள். முன்பென்றால் இரண்டு பேரிடமும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று அரைமணி நேரம் பேசியிருப்பேன். திரைக்குள் நின்று பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ இருமினார்கள். எதையோ அழுத்திவிட்டு வந்தேன். யாருக்குப் போட்டாய் என்று கணவர் காரில் கேட்டார். நினைவில்லை என்றேன். அவர் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார்.

2001 மே மாதம் அண்ணி கூப்பிட்டாள். அங்கே மறுபடியும் தேர்தல்.

“நேத்து ஓட்டுக் கேட்டு ரெண்டு சின்னப் புள்ளைங்க வந்துச்சுங்க அம்மிணி. பட்டியல வெச்சுட்டு உங்கண்ணன் பேரச் சொல்லி, இருக்காராங்குதுங்க. பேர இன்னும் அடிக்கல போலிருக்குது.”

“என்ன சொன்னீங்க?”

“வெளிய போயிருக்காருன்னேன். புள்ளைங்க முகத்தப் பாத்தா வேறென்னத்தச் சொல்றது? ஆஸ்பத்திரிக்கெல்லாம் நெறையப் பண்றோம், சொல்லுங்கன்னு ஒரு நோட்டீஸ் குடுத்துட்டுப் போச்சுங்க.”

“நீங்க ஓட்டுப் போடுவீங்களா, அண்ணி?”

“போடாம? அவரு கட்சியாச்சே” என்றாள். பிறகு அவளே, “ஏன் அம்மிணி, போடக்கூடாதா?” என்று கேட்டாள்.

அரசியலில் யார் என்ன கேட்டாலும் பதில் வைத்திருந்தவள் நான். மகளுக்குப் பள்ளிக்கு நேரமாகிறது என்று பொய் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அன்று சனிக்கிழமை.