இருபது முகப் பகடையும் கட்டுண்ட குளமும்

எண்பதுகளின் நடுவில், சவூதியில் வேலை செய்த என் அண்ணன், எங்கள் காக்கா, இரண்டு மாத விடுமுறையில் வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தார். அவரோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் நாடு திரும்பும்போது கொடுத்ததாம். உள்ளே ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகமும் இருபது முகமுள்ள ஒரு பகடையும் இருந்தன. எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

புத்தகத்தை மாமியின் மகள் எடுத்துப் போனாள். என் மச்சாளுக்கு அப்போது பதினெட்டு வயது; என்னைவிட மூன்று வயது மூத்தவள். கலியாணம் பேசியதும், பரீட்சை எழுதுமுன்பே அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள். பிறகு அந்தக் கலியாணம் முறிந்துபோனது. அதற்குப் பின்னும் அவளை யாரும் பள்ளிக்கு அனுப்பவில்லை.

பத்து நாள் அகராதியோடு கிடந்துவிட்டு வந்தாள்.

"இது கதை, புள்ள. நான் சொல்ற. நீங்க அதுக்குள்ள போய் நடக்கிற."

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு விளையாடினோம். காக்கா வாள்வீரன். வகுப்பில் கேள்வி கேட்டால் வாய் திறக்காத நான், காற்றை ஏவும் சூனியக்காரி. புத்தகத்திலிருந்த பனிமலைகளை மச்சாள் தூக்கிப் போட்டுவிட்டாள். மந்திரவாதி ஒருவன் குளத்து நீரைக் கட்டி வைத்துவிட்டான், கீழே ஏழு ஊர் வயல்கள் வெடித்துக் கிடக்கின்றன, நாங்கள் போய் அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும் என்றாள்.

மூன்றாம் வெள்ளி வாப்பா வயலிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டார். பகடையைக் கண்டார்.

"என்ன இது, வீட்டுக்குள்ள சூதா?"

"சூது இல்ல மாமா. ஒத்தரும் ஒண்டும் வெச்சி ஆடல்ல" என்றாள் மச்சாள்.

வாப்பா என் பக்கம் திரும்பினார். "நீ என்ன செய்யிறாய் மகள்?"

"நான் சூனியக்காரி, வாப்பா."

காக்கா கண்ணை மூடிக்கொண்டார். "அஸ்தஃபிருல்லாஹ்" என்று பாவமன்னிப்புத் தேடி வாப்பா பகடையைச் சட்டைப்பையில் போட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"கதை எதுல நிக்கிது?"

"இவ காத்த ஏவிக் குளக்கட்ட உடைக்கப் போறா, மாமா."

"கட்ட உடைச்சா ஏழு ஊரையும் அள்ளிக்கிட்டுப் போகுமே! மதகத் தேடுங்க."

"மதகுல யானை காவல் நிக்கிது."

"நிக்கட்டும். நான் போறன்." சேற்றுக் காலோடு பாயில் உட்கார்ந்தார்.

பகடை திரும்பி வரவில்லை. புளியங்கொட்டைகளில் இலக்கம் எழுதி ஒரு டின்னில் போட்டுக் குலுக்கினோம். வாப்பாவின் கட்டளைப்படி நான் சூனியத்தை முறிப்பவளாக மாறினேன். முதலில் கோபமாக இருந்தது. ஆனால் முறிக்கிற வேலைக்கு மூளை அதிகம் தேவைப்பட்டது. எனக்கே தெரியாமல் நான் நிறையப் பேசத் தொடங்கியிருந்தேன்.

நான்கு வெள்ளிக்குப் பிறகு மதகு திறந்தது. எந்த வாய்க்காலில் முதலில் தண்ணீர் ஏறியது என்று வாப்பா கேட்டுக் கேட்டு அறிந்தார். பிறகு, "இவ்வளவும் அந்த இங்கிலீசுப் புத்தகத்திலயா இரிக்கி?" என்றார்.

"பாதி அதுல, மாமா. பாதி நான்."

மறுநாளே வாப்பா தன் தங்கையான மாமியின் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"புள்ளைய சோதினை எழுத உடுங்க. கலியாணம் மறுகா பேசலாம்."

மச்சாளின் வாப்பா இலேசில் இணங்கவில்லை. மாமி அழுதார். என் வாப்பா மூன்று தரம் தேநீர் குடித்தார், எழும்பவில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதுதான், "சரி, எழுதட்டும்" என்று பதில் வந்தது.

பரீட்சையன்று மண்டப வாசல்வரை அவளோடு நடந்தேன்.

"பயமா மச்சாள்?"

"ஓம்" என்றாள். சொல்லிவிட்டு, விறுவிறுவென்று உள்ளே போனாள்.

பரீட்சையில் சித்தியடைந்தாள். சில வருடங்களில் அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சி முடித்து, ஆங்கில ரீச்சராக ஊருக்கு வந்தாள்.