வெடிக்கும் என்று சொன்னேன்

இலங்கையில் யுத்த காலம். தெல்தோட்டையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னாலிருந்த குப்பைமேட்டில், உள்ளே சேரும் வாயுவை வெளியே விடக் குழாய்கள் நட்டிருந்தார்கள். அதில் ஆபத்து உண்டா என்று பார்க்கச் சுற்றாடல் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. நெருப்புப் பெட்டியைக் கையில் கிலுக்கிக்கொண்டே பேசுவார்.

"இந்த கேஸ் ஒருநாள் வெடிக்கும் சேர்," என்றேன் சிங்களத்தில்.

கிலுக்கல் நின்றது. "வெடிக்குமா? தமிழனுக்கு அது எப்படித் தெரியும்? ஐடென்டிட்டியை எடு!"

அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்கே ஒரு ஆபத்தும் இல்லை. இனி வெடி கிடி என்றால் பொலிஸில்தான் பேசுவாய்."

சிகரெட்டை உதட்டில் வைத்தவர் குழாயைப் பார்த்தார். பிறகு ரோட்டுக்கு இறங்கி, ஜீப்புக்கு அந்தப் பக்கம் போய்த்தான் பற்றவைத்தார்.

அந்த மனிதரை முட்டாள் என்று மட்டும் நான் ஒருநாளும் சொன்னதில்லை.