புளி போட்டுத் துலக்கிய கொங்கோக் குத்துவாள்

அன்று மெல்பேர்ன் நகரத்துப் பழம்பொருள் கடையில் நின்றவர்கள் நான்கு பேர்: கடைக்கார வெள்ளைக்காரர், ஆபிரிக்காவில் கணக்குப் படிப்பித்துவிட்டு வந்த மாஸ்டர், என் மனைவி, நான். மேசையில் ஒரு கொங்கோக் குத்துவாள், கலியாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரிப் பளபளத்துக்கொண்டு கிடந்தது.

வாள் மாஸ்டருடையது. அவருடைய மனைவி இன்னும் சாம்பியாவில். பிளேன் டிக்கெட்டுக்குக் காசு போதவில்லை. இருநூறு டொலர் தருகிறேன் என்று அந்தக் கடைக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். தான் ஐந்து பேரோடு படுக்கும் அறையில் வைக்கப் பயந்து, மாஸ்டர் அதை நோபல் பார்க் புறநகரிலிருந்த எங்கள் வீட்டில் வைத்தார். பத்திரத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்த அவருடைய படிப்பை மெச்ச வேண்டும்.

எனக்கோ நித்திரை போய்விட்டது. அலகும் கறுப்பு, பிடியில் சுற்றிய செம்புக் கம்பியும் கறுப்பு. கடைக்குக் கொண்டுபோகும்போது ரயிலில் பொலிஸ் பிடித்தால் காய்ந்த இரத்தம் என்றுதானே சொல்வான்? எட்டாம் வகுப்போடு நின்றவன் இங்கிலீசில் என்னத்தை விளக்குவது?

"இஞ்சேருங்கோ, புளி போட்டுத் தேய்ச்சாப் போயிடும்" என்றாள் மனைவி. ஊரிலிருந்து பார்சலில் வந்த பழப்புளி அரை உருண்டை முடிந்தது. சனிக்கிழமை காலை முழுவதும் தேய்த்தோம். கொலைக்குற்றத்திலிருந்து தப்பிய நிம்மதி எனக்கு.

கடைக்காரர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, எங்களுக்குப் பாடம் எடுத்தார். இலைபோல் அகன்ற இந்த அலகைக் கொல்லன் சுத்தியலாலேயே தட்டி எடுத்திருக்கிறான். தையல் நூல் அளவு கம்பியை, முனை தெரியாமல் சுற்றியிருக்கிறான். அந்தக் கறுப்பு அழுக்கல்ல, பல வருடம் பிடித்த கைகளின் எண்ணெய். அதற்குத்தான் இருநூறு. இப்போது எண்பது.

எவ்வளவு நல்ல பாடம். புளி கரைப்பதற்கு முதல் ஒருவரும் எடுக்கவில்லை.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "தம்பி, நான் வைச்சிருக்கச் சொன்னனான். பூசைக்கு ஆயத்தம் செய்யச் சொல்லேல்லை."

"மாஸ்டர், வடிவா மினுங்குதுதானே" என்றாள் மனைவி.

"ஓம் பிள்ளை. நூற்றிருபது டொலருக்கு மினுங்குது."

எண்பதுக்கே விற்றார். மிச்சத்தை நான் கிழமைக்குப் பத்தாகத் தருவதாக ஒப்புக்கொண்டேன். அவருடைய மனைவி எட்டுக் கிழமை பிந்தித்தான் வந்து இறங்கினார், அதுவும் வேறொருவரிடம் கைமாற்றாக வாங்கிய காசில். விமான நிலையத்தில் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாளைக் குளிப்பாட்டின தம்பி நீர்தானோ?"

"ஓம் அக்கா" என்றேன். அன்றைக்கு இன்னும் நாற்பது டொலர் பாக்கி.