பக்கத்து ரயில்வேயின் எஞ்சின்

அன்று நான் உண்மையைச் சொன்னது கடமைக்காகவா, இல்லை என் கணவரை ஊரிலேயே நிறுத்திக்கொள்வதற்காகவா? மகள் எல்.கே.ஜி. போக ஆரம்பித்துவிட்டாள், எனக்கு இன்னும் தெரியவில்லை.

விருத்தாசலம் ஜங்ஷனில் டிரைவர்களுக்கு டூட்டி போடும் அலுவலகத்தில் நான் கிளார்க். அவர் சரக்கு ரயில் டிரைவர். அன்றைக்கு மகள் கைக்குழந்தை; மறுநாள் காலை அவளுக்குக் காது குத்து. லீவு கேட்டார்; ஆள் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். சேலத்துக்கு உர வண்டி. போய்த் திரும்ப மறுநாள் சாயங்காலம் ஆகிவிடும். டூட்டிப் புத்தகத்தில் அவர் பெயரை எழுதியதே நான்தான்.

அந்த வண்டிக்கு ஒதுக்கிய எஞ்சின் எங்களுடையது அல்ல. பக்கத்து ரயில்வேயிலிருந்து ஒரு லோடோடு வந்தது. இறக்கியதும் திருப்பி அனுப்ப வேண்டும். யார் அனுப்புகிறார்கள்? நல்ல எஞ்சின் கையில் சிக்கினால் இன்னும் ஒரு வண்டி, இன்னும் ஒரு வண்டி என்று வண்டிகளுக்கு எஞ்சின் ஒதுக்கும் எங்கள் கன்ட்ரோல் ஆபீஸ் அதை விடவே விடாது. எங்கள் எஞ்சின் அங்கே போனாலும் இதே கதைதான். அவர்கள் போனில் கேட்டால், "லோடுல மாட்டியாச்சு, கெளம்பிடுச்சு" என்று சொல்லிவிட வேண்டும். நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அன்று மத்தியானம் அவர்கள் கேட்டபோது, "இங்கதான் நிக்குது சார். ஒங்க ஷெட்டுல வச்சு செக் பண்ண வேண்டிய தேதி இன்னியோட முடியுது" என்று சொல்லிவிட்டேன். எஞ்சின் போனால் சேலம் வண்டி நின்றுவிடும். அவர் வீட்டில் இருப்பார். இந்த நினைப்பு வாயைத் திறக்கும் முன்பே வந்ததா, பிறகு வந்ததா?

கால் மணி நேரத்தில் எங்கள் கன்ட்ரோலர் போனில் கத்தினார். "ஒங்கள யாரும்மா இதெல்லாம் சொல்லச் சொன்னது? உர வண்டிய நீங்க வந்து தள்ளுவீங்களா?"

"தேதி முடியுதுங்க சார்."

"எல்லா எஞ்சினுக்குந்தான் முடியுது!"

அடுத்து மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எஞ்சினை மட்டும் தனியாக உடனே செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய் அங்கே மாற்று டிரைவரிடம் ஒப்படைக்க வேண்டும். டூட்டிக்குக் கையெழுத்துப் போட்டுத் தயாராக நின்ற டிரைவர் யார்? இவர்தான்.

"என்னங்க, நான் வேணா இன்னொரு தடவ பேசிப் பாக்கட்டுமா?"

"போதும் தாயே, நீ பேசுன வரைக்கும் போதும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

வழியெல்லாம் எக்ஸ்பிரஸ்களுக்கு ஒதுங்கி நின்று, அங்கே மாற்று ஆள் இல்லாமல் காத்திருந்து, மூன்றாம் நாள்தான் வந்தார். செராமிக் கம்பெனியில் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்த என் அண்ணன் மடியில் காது குத்தி முடிந்திருந்தது. உர வண்டி அதுவரை எஞ்சின் இல்லாமலே நின்றது.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "எங்க வூட்டுல மட்டும் எஞ்சின் தேதி விஷயத்துல பொய் சொல்ல மாட்டாங்கப்பா" என்று கூட வேலை செய்பவர்களிடம் பெருமையாகச் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்கிறது. அவரை நிறுத்திக்கொள்ளத்தான் சொன்னேனோ என்னவோ என்று அவரிடம் ஒப்புக்கொள்ளலாமா? ஒப்புக்கொண்டால் அந்தப் பெருமை போய்விடுமே. கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா என்று தயவுசெய்து எழுதுங்கள்.